சனிக்கிழமை சம்பாதித்த இடம்

ஃபார்முலா 1 பார்க்கிற நம்மவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை ஆசாமிகள். மதியச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், அப்புறம் டிவி முன்னால் ரேஸ். சனிக்கிழமை நடக்கிற தகுதிச் சுற்றை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. "அது சும்மா ரிகர்சல்தானே" என்று கேட்டவர்கள் உண்டு. ரிகர்சலெல்லாம் வெள்ளிக்கிழமையோடு சரி. சனிக்கிழமை நடப்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. ஒரே வித்தியாசம், இங்கே துண்டை ஜன்னல் வழியாக வீச முடியாது. சுற்றிக் காட்டித்தான் இடம் வாங்க வேண்டும்.

யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்பதை எப்படி முடிவு செய்வது? கேட்க சாதாரணமாக இருக்கிற இந்தக் கேள்விக்கு மோட்டார் பந்தயக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலில் நமக்கும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது என்பதால் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்? :-) எஃப்-1 கிரிட்டில் ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடைவெளி 8 மீட்டர். முதலிடத்தில் நிற்பவருக்கு 20-ஆம் இடத்துக்காரர் 152 மீட்டர் பின்னால் நிற்கிறார். முன்னூறு கிலோமீட்டர் ஓடுகிற பந்தயத்தில் இது ஒரு தூரமா? தூரம் பிரச்னை இல்லை, நடுவில் நிற்கிற 19 கார்கள்தான் பிரச்னை. ஒவ்வொன்றையும் தாண்டியாக வேண்டும். மொனாக்கோ மாதிரி சந்துக்குள் தாண்டவே முடியாது. 2024-ல் அங்கே முதல் பத்து இடங்களில் கிளம்பியவர்கள் அதே வரிசையில் முடித்தார்கள். ஒரு இடம்கூட மாறவில்லை. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் அங்கே ஜெயித்தது முதலிடத்தில் கிளம்பியவர்தான். நம் நொய்டா புத் சர்க்யூட்டில் 2011, 2012, 2013 என்று மூன்றே மூன்று பந்தயம் நடந்தது. மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் முதலிடத்தில் கிளம்பினார், மூன்றையும் ஜெயித்தார்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1983-ல் லாங் பீச்சில் ஜான் வாட்சன் 22-ஆம் இடத்தில் கிளம்பி ஜெயித்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. 2024 பிரேசிலில் மழையில் வெர்ஸ்டாப்பன் 17-ல் இருந்து வந்து ஜெயித்தார். இதையெல்லாம் வருஷக் கணக்கில் பேசுகிறோம் என்றாலே எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, ஆரம்ப காலத்தில் என்ன செய்தார்கள்? 1911-ல் முதல் இண்டியனாபோலிஸ் 500 பந்தயத்தில், விண்ணப்பம் வந்து சேர்ந்த வரிசைப்படி காரை நிறுத்தினார்கள். பந்திக்கு முந்து கதைதான். ஊருக்குப் போக தத்கல் டிக்கெட்டுக்கு நிற்கிற நமக்கு இது நன்றாகவே புரியும். ஐரோப்பாவில் ரொம்ப நாள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். 1933 மொனாக்கோ கிராண்ட் பிரியில்தான் முதன்முதலாக, பயிற்சியில் எடுத்த நேரத்தை வைத்து வரிசை போட்டார்கள். லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் இன்னும் வேடிக்கை. கார்களைச் சாலையின் ஒரு ஓரமாகச் சாய்வாக நிறுத்திவிட்டு, டிரைவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்து ஓடிப்போய் ஏறி ஓட்ட வேண்டும். அவசரத்தில் பெல்ட் சரியாகப் போடாமல் கிளம்புகிறார்கள் என்பதைக் கண்டித்து 1969-ல் ஜாக்கி இக்ஸ் ஓடாமல் நிதானமாக நடந்துபோய் ஏறி, பெல்ட் மாட்டி, எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பினார். அந்த வருஷம் முதல் சுற்றிலேயே ஒரு டிரைவர் விபத்தில் இறந்தார். மறுநாள் பந்தயத்தை ஜெயித்தது இக்ஸ்! அடுத்த வருஷம் அந்த ஓட்டப் பழக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆக விண்ணப்ப வரிசை, குலுக்கல், ஓட்டம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாப்வாட்சுக்கு வந்தார்கள். அதற்கு யாரையும் தெரியாது. பணக்கார வீட்டுப் பையனா, எந்த நாட்டுக்காரன், போன வாரம் என்ன செய்தான், எதுவும் தெரியாது. 1997-ல் ஸ்பெயினின் ஹெரெஸில் சாம்பியன்ஷிப்பை முடிவு செய்கிற பந்தயம். தகுதிச் சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்ஸன் மூன்று பேரும் எடுத்த நேரம் 1 நிமிடம் 21.072 வினாடி. ஆயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை! முதலில் எடுத்தவருக்கு முதலிடம் என்பது விதி. அதன்படி வில்நெவுக்குக் கொடுத்தார்கள். 2024 கனடாவிலும் ரஸ்ஸல், வெர்ஸ்டாப்பன் இரண்டு பேரும் சரியாக 1 நிமிடம் 12.000 வினாடி. முதலில் எடுத்த ரஸ்ஸலுக்கு முதலிடம். யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வராது.

ஸ்டாப்வாட்ச் வந்ததும் பிரச்னை தீர்ந்துவிட்டதா? அதுதான் இல்லை. எத்தனை தடவை முயற்சி செய்யலாம், எப்போது செய்யலாம் என்று அடுத்த கேள்விகள் வந்தன. இங்கேதான் என் கட்சி ஆரம்பிக்கிறது.

1996-ல் இருந்து 2002 வரை சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஒருவருக்கு 12 சுற்று. முதல் இருபது நிமிடம் பெரிய அணிகள் வெளியே வராமல் உட்கார்ந்திருக்கும். டிவிக்காரர்களுக்குக் கடுப்பு. அதனால் 2003-ல் ஒவ்வொருவராக வந்து ஒரே ஒரு சுற்று ஓட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நியாயம்தான் போய்விட்டது. ஒருவர் ஓட்டும்போது வெயில், அடுத்தவர் வரும்போது மழை. 2005 மெல்போர்னில் இதேதான் ஆனது. கொட்டுகிற மழையில் மாட்டிய ஷூமாக்கர் வரிசையின் வாலுக்குப் போனார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், தன் முதல் எஃப்-1 பந்தயத்தில், ஜோர்டான் மாதிரி பின்தங்கிய அணியின் காரில் 12-ஆம் இடம் பிடித்தார். அவருக்குப் பின்னால் 13-ல் நின்றவர் யார் தெரியுமா? அந்த வருஷம் சாம்பியன் ஆன ஃபெர்னாண்டோ அலான்சோ. நமக்குச் சந்தோஷம்தான், கைதட்டியிருப்போம். ஆனால் அதே வருஷம் ஜப்பானில் மழை கூடக்கூட, கடைசியாக ஓட்ட வந்தவர்கள் மாட்டினார்கள். அலான்சோ 16, ராய்க்கோனன் 17. ராய்க்கோனன் அங்கிருந்து வந்து கடைசிச் சுற்றில் ஃபிஸிக்கெல்லாவைத் தாண்டி ஜெயித்தது தனிக் கதை. அற்புதமான பந்தயம். ஆனால் அதைக் காட்டி "பார்த்தீர்களா, குலுக்கல்தான் நல்லது" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல டிரைவர் கெட்ட விதியைத் தாண்டி வந்தார் என்பதால் அது நல்ல விதி ஆகிவிடாது.

அதே 2005-ல் சனிக்கிழமை ஒரு சுற்று, ஞாயிறு காலை ஒரு சுற்று, இரண்டையும் கூட்டு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஆறு பந்தயத்தில் கைவிட்டார்கள். 2016-ல் கடிகாரம் ஓட ஓட 90 வினாடிக்கு ஒருவரை வெளியேற்றும் முறை வந்தது. மெல்போர்னில் கடைசிச் சில நிமிடங்களில் களத்தில் ஒரு கார்கூட இல்லை. முதலிடத்துக்கான போட்டி, ஆனால் ரோடு காலி. இரண்டே பந்தயத்தோடு அதையும் மூட்டை கட்டினார்கள்.

நடுவில் 2006-ல் கொண்டுவந்த மூன்று கட்ட முறைதான் நின்றது. அன்று 22 கார்கள். முதல் கட்டத்தில் 6 பேர் வெளியே, இரண்டாவதில் இன்னும் 6 பேர், மிச்சம் பத்துப் பேருக்குள் முதல் பத்து இடம். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாரும் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பதால் மழை பெய்தாலும் எல்லாருக்கும் பெய்கிறது. ஒரு சுற்று சொதப்பினால் இன்னொரு சுற்று ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கிறது. ஆனால் பழைய கட்டத்து நேரம் அடுத்ததற்கு வராது, மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பம். எனக்குத் தெரிந்து ஒரு வரிசையை முடிவு செய்ய இதைவிட நேர்மையான முறை பந்தய உலகத்தில் இல்லை.

பிள்ளைகளை நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிற வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரே நாள், ஒரே தேர்வு, அன்றைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வருஷம் போச்சு என்கிற முறை 2003 எஃப்-1 முறை. இன்ஜினியரிங் ஜே.இ.இ. மெயினை 2019-ல் இருந்து ஒரே வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எழுதலாம், சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றியது 2006 முறைக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டிலும் கடிகாரம் ஒன்றுதான். இரண்டாவது வாய்ப்பு உண்டா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்த முறையிலும் இரண்டு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் ஓட்டை மொனாக்கோ. 2006-ல் ஷூமாக்கர் முதலிடத்தில் இருந்தபோது, கடைசி நிமிடத்தில் ராஸ்காஸ் வளைவில் காரை நிறுத்திவிட்டார். பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்தவர்களின் சுற்று வீணானது. வேண்டுமென்றே செய்தார் என்று தீர்ப்பளித்து அவரைக் கடைசி இடத்துக்கு அனுப்பினார்கள். 2014-ல் அதே ஊரில் ரோஸ்பெர்க் தவறி ஓரத்துப் பாதைக்குள் போனார். மஞ்சள் கொடி வந்தது, ஹாமில்டனின் சுற்று கெட்டது, முதலிடம் ரோஸ்பெர்க்குக்கு. விசாரித்து, தப்பில்லை என்றார்கள். 2021-ல் லெக்ளெர்க் முதலிடத்தில் இருந்தபடி சுவரில் மோதினார். சிவப்புக் கொடி, ஆட்டம் குளோஸ், முதலிடம் மோதியவருக்கே. (மறுநாள் கார் பழுதாகி அவரால் கிளம்பவே முடியவில்லை என்பது வேறு விஷயம்.)

மூன்று சம்பவத்திலும் கேள்வி ஒன்றே: வேண்டுமென்று செய்தாரா? அடுத்தவர் மனசுக்குள் போய்ப் பார்க்க நடுவர்களால் முடியுமா? முடியாது. பார்க்கவும் தேவையில்லை. அமெரிக்காவின் இண்டிகாரில் எளிமையான வழி வைத்திருக்கிறார்கள். தகுதிச் சுற்றில் சிவப்புக் கொடிக்கு நீ காரணமா, அந்தக் கட்டத்தில் நீ எடுத்த சிறந்த இரண்டு சுற்றுகள் ரத்து. நோக்கம் பற்றிப் பேச்சே இல்லை. எஃப்-1 இதை நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம். தவறி மோதியவருக்கு இது கொடுமை இல்லையா என்று கேட்கலாம். கொடுமைதான். ஆனால் நஷ்டம் யாராவது ஒருவருக்கு வந்தே தீரும் என்றால், மோதியவருக்கு வருவதா, மோதாமல் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு வருவதா?

இரண்டாவது ஓட்டை எஞ்சின் தண்டனை. ஒரு சீசனுக்கு இத்தனை எஞ்சின் பாகங்கள்தான் என்று கணக்கு உண்டு. மீறினால் கிரிட்டில் பின்னால் தள்ளுவார்கள். 2015 பெல்ஜியத்தில் மெக்லாரன்-ஹோண்டாவின் இரண்டு கார்களுக்கும் சேர்த்து 105 இடம் தண்டனை. நிற்பது மொத்தம் 20 கார்! மிச்ச இடங்களுக்குப் பக்கத்து நாட்டில் போய் நிற்க வேண்டியதுதான். இந்தக் கேலிக்கூத்து தாங்காமல் 2018-ல், 15 இடத்துக்கு மேல் போனால் நேராகக் கடைசி என்று மாற்றினார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. எஞ்சின் செய்தது கம்பெனி, வாங்கிப் பொருத்தியது அணி, இடத்தை இழப்பது சனிக்கிழமை உயிரைக் கொடுத்து ஓட்டிய டிரைவர்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரிட் தண்டனை இல்லாவிட்டால் பணக்கார அணிகள் அபராதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வாரத்துக்கு ஒரு புது எஞ்சின் போடும், ஏழை அணிகள் செத்தன. நியாயமான பயம். அதனால்தான் அபராதம் போதாது என்கிறேன். அணிகளுக்கான சாம்பியன்ஷிப் புள்ளிகளில் கை வைக்க வேண்டும். பரிசுப் பணம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் பிரிக்கப்படுகிறது. அங்கே அடித்தால் வலிக்கும். முன்னுதாரணமும் இருக்கிறது. 2020-ல் பிரேக் குழாய் விவகாரத்தில் ரேசிங் பாயிண்ட் அணிக்கு 4 லட்சம் யூரோ அபராதம் போட்டு, அணியின் கணக்கில் 15 புள்ளிகளைக் குறைத்தார்கள். டிரைவர்களின் புள்ளிகளைத் தொடவில்லை. இதுதான் சரி. புள்ளியே இல்லாத அணியிடம் எதைக் குறைப்பது? மைனஸில் ஓடட்டும். நாங்கள் அதை ஓவர்டிராஃப்ட் என்போம். :-)

"வரிசையைக் கலைத்தால்தான் பந்தயம் சுவாரஸ்யம்" என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஃபார்முலா 2-வில் முதல் பத்து இடங்களைத் தலைகீழாக்கி ஒரு குறும்பந்தயம் நடக்கிறது. எஃப்-1-லும் அப்படி ஒன்று கொண்டுவரப் பேச்சு நடந்து, அணிகள் எல்லாம் ஒத்துக்கொள்ளாததால் நின்றது. நின்றது நல்லதற்கே. தலைகீழ் வரிசையில் பத்தாவதாக வருவது லாபம் என்று ஆகிவிட்டால், எட்டாவது இடத்தில் இருப்பவன் எதற்கு இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும்? முந்துகிறவனை இழுத்துப் பின்னால் வைத்தால் டிவியில் பார்க்க ஜோர்தான். ஆனால் அவன் அடுத்த சனிக்கிழமை எதற்கு முந்துவான் என்பதற்குப் பதில் வேண்டும். ஹாமில்டன் 2021 பிரேசிலில் குறும்பந்தயத்தைக் கடைசி இடத்தில் ஆரம்பித்து 5-ஆவதாக வந்து, எஞ்சின் தண்டனையால் பிரதான பந்தயத்தில் 10-ஆவதாகக் கிளம்பி ஜெயித்தாரே, அது மாதிரி நாள் கிடைக்காதா என்றால், தானாக வரும்போதுதான் அதற்கு மதிப்பு. வாராவாரம் ஏற்பாடு செய்தால் சர்க்கஸ்.

இத்தனை சொன்ன பிறகு, இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம் ஆகிவிடும். ஸ்டாப்வாட்ச் நேர்மையானது. அதன் முன்னால் வந்து நிற்கிற கார்கள் சமமானவை அல்ல.

சென்னைக்காரர் கருண் சந்தோக் 2010 பஹ்ரைனில் முதல் எஃப்-1 பந்தயத்துக்கு வந்தார். அவருடைய ஹெச்.ஆர்.டி. கார் பயிற்சி நேரம் முழுக்கத் தயாராகவே இல்லை. அந்தக் காரை அவர் முதன்முதலில் ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். 24-ஆவது, கடைசி இடம். முதலிடத்துக்கும் அவருக்கும் சுமார் பத்து வினாடி வித்தியாசம். பத்திரிகைப் பட்டியலில் பார்த்தால் "கடைசி" என்று மட்டும்தான் தெரியும். ஆனால் அதே அணியில், முன்பே ஓட்டிப் பழகிய புரூனோ சென்னாவுக்கும் அவருக்கும் இடைவெளி இரண்டு வினாடிக்குள்! அந்த எண்தான் சந்தோக்கைப் பற்றிப் பேசுகிறது. பத்து வினாடி, காரைப் பற்றிப் பேசுகிறது. 2011, 2012 இரண்டு வருஷமும் மெல்போர்னில் நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்கே அனுமதிக்கப்படவில்லை. முதல் கட்டத்தின் சிறந்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வரவேண்டும் என்பது விதி. 90 வினாடி என்றால் 96.3-க்குள். அவரால் முடியவில்லை. அவருடைய அணித்தோழராலும் முடியவில்லை, இரண்டு வருஷமும். 2005-ல் இதே ஊரில் 12-ஆம் இடம் பிடித்த அதே ஆள்தான். "நம்ம ஆளுக்கு ஓட்டத் தெரியல" என்று எளிதாகச் சொன்னவர்கள் அணித்தோழரின் நேரத்தைப் பார்க்கவில்லை.

வங்கியிலும் இதே கதைதான். மாநகர மையத்தில் இருக்கிற கிளையையும், போன வருஷம் திறந்த கிராமத்துக் கிளையையும் ஒரே பட்டியலில் போட்டு டெபாசிட் வரிசை வாசிக்கிற கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். ஒப்பிடுகிற ஆள்தான் தப்பு.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இது இன்னும் கொஞ்சம் நெருங்கிய விஷயம். ஊரில் இருந்து போன் வந்தால் யார் பையன் என்ன ரேங்க் என்றுதான் பேச்சு. இந்தி மீடியத்துப் பிள்ளைகளுக்கு நடுவில், மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு பள்ளி, பள்ளிக்கு ஒரு பாடத்திட்டம் என்று ஓடி வந்த பிள்ளையை, ஒரே தெருவில் ஒரே ட்யூஷனில் வளர்ந்த பிள்ளையோடு வைத்து 8 மீட்டர் பின்னால் நிற்கிறாய் என்று சொல்கிறோம். வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசை இல்லாமல் பந்தயம் இல்லை. கடிகாரம் ஒன்றாக இருக்கட்டும், எல்லோருக்கும் இரண்டாவது வாய்ப்பு இருக்கட்டும், சம்பாதித்த இடத்தை வேறு யாரோ செய்த தப்புக்காகப் பிடுங்காமல் இருக்கட்டும். அதற்கு அப்புறம் பட்டியலைப் படிக்கும்போது, அந்தப் பிள்ளைக்கு எந்தக் கார் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படிப்போம்.

அடுத்த சனிக்கிழமை தகுதிச் சுற்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். முதலிடம் யார் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். நீங்கள் கீழே இறங்கி, கடைசி ஐந்து இடங்களில் யார் தன் அணித்தோழரைவிட முன்னால் நிற்கிறார் என்று தேடச் சொல்லுங்கள்.